ஆழம்: பூஜ்ஜியம்

இந்தத் தீவில் ஏரி பார்ப்பதற்கு மட்டும்.
நீந்தும் மனிதனை வட்டத்துக்குள் போட்டு
குறுக்கே சிவப்புக் கோடு இழுத்த பலகை
கரைக்குக் கரை, நான்கு மொழிகளில்.
தமிழில் மட்டும் ஒரு துணைக்கால் உரிந்து
'நீந்ததீர்' என்று நிற்கும்.

மூச்சடக்க எங்கே போவது?
நீச்சல் குளத்தில் முகம் கவிழ்த்து மிதந்தேன்.
இரண்டாம் நிமிடத்தில் விசில்.
நாலாவது விசிலில் உயிர்காப்பாளர் குதித்தே விட்டார்.
செத்தவளைத் தூக்க வந்தவர்
திட்டுகிறவளைத் தூக்கினார்.
அத்தோடு அந்தக் குளமும் போச்சு.

பிறகு ரயிலில் பழகினேன்.
புக்கிட் பாத்தோக்கில் கதவு மூடும்போது இழுத்து
புக்கிட் கோம்பாக்கில் விடுவது சுலபம்.
அங்கிருந்து சுவா சூ காங் வரைதான் சோதனை.
பாதி வழியில் உதரவிதானம்
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல்
ஒருமுறை, இருமுறை,
அப்புறம் விடாமல்.
எதிர் இருக்கைப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துத்
தைலப் புட்டியை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல
இன்னும் நாற்பது விநாடி இருந்தது.

சென்ற செவ்வாய் அதிர்ஷ்டம் அடித்தது.
கல்லுடைத்த பள்ளத்தில் தேங்கிய ஏரியில்
தண்ணீரின் சூட்டை அளக்கும் கருவி
பேச்சு மூச்சின்றிப் போனது.
பழுது பார்ப்பது என் பிழைப்பு.
வேலிப் பூட்டைத் திறந்துவிட்டார்
மேற்பார்வையாளர் சியா.
ரப்பர் படகு, முகக்கண்ணாடி, மூச்சுக்குழல்,
விதிப்படி
ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை.

அதைப் போட்டுக்கொண்டு யார் முங்குவது?
தக்கையாய் மிதந்து
முகத்தை மட்டும் உள்ளே வைத்தேன்.
முழங்கை நீளத்துக்குப் பச்சைக் கஞ்சி.
அதன் கீழே
யாரோ துடைத்து வைத்த தெளிவு.

சியாவின் கைப்பேசி அடித்தது.
மறுபுறம் திரும்பிக்கொண்டார். ஹொக்கியனில் நீண்ட பேச்சு,
மகனின் கட்டணமோ, மாமியாரின் பல்லோ.
நான் சட்டையின் கொக்கியைக் கழற்றினேன்.
(இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.
நானும் விடவில்லை.)

தலைகீழானேன்.
மூன்று மீட்டரில் காது வலிக்க, மூக்கைப் பிடித்து ஊதினேன்.
ஐந்தில் நீர் சட்டென்று குளிர்ந்தது,
கேட்காமல் வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல்.
கருங்கல் சுவர். வெடி வைக்கத் துளைத்த தடங்கள்
பாதிப் பாதிக் குழாய்களாய் இறங்கின.
ஒன்றில் முன்கையை வைத்தேன், பொருந்தியது.
இங்கிருந்து போன கல்
எங்கள் பதினொன்றாம் மாடியில்
என் சமையலறையாக நின்றுகொண்டிருக்கலாம்.
நான் அது காலி செய்த இடத்தில் மிதந்தேன்.

கருவியின் கம்பி ஒரு பழைய சங்கிலியில் சுற்றியிருந்தது.
இரண்டு திருப்பு. விடுபட்டது.
மேலே போயிருக்கலாம்.
நெஞ்சுக்குள் கடன்காரன் வந்தான்.
நாளைக்கு வா என்றேன்.

காதோரம் சிவப்புக் கீற்றுள்ள ஆமை,
யாரோ தொட்டி கழுவி அலுத்துப்போய் விட்டுச் சென்றது,
என் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது.
அதற்கும் மூச்சு மேலேதான்.
யார் முதலில் போவதென்று
எங்களுக்குள் ஒரு மரியாதைத் தகராறு.
நான் தோற்றேன்.

மேலே வந்தவர் செய்ய வேண்டியது மூன்று.
கண்ணாடியைக் கழற்று. விரலால் வட்டம் காட்டு.
நலமென்று வாய்விட்டுச் சொல்.
சொல்லும்வரை உன்னை மூழ்கியவளாகவே கொள்வாள்
உடன் வந்த துணை.
துணையின்றி முங்காதே என்பதுதான் முதல் பாடம்.
அதையும் மீறியிருந்தேன்.
இருந்தும் கழற்றினேன், வட்டம் காட்டினேன்,
எதிர்ப் பாறையில் நின்ற நாரைக்கு.

சியா அப்போதுதான் திரும்பினார்.
கைப்பேசியைக் கன்னத்தில் இடுக்கியபடி
அவரும் விரலால் வட்டம் போட்டார்.
"கேன் ஆ?"
மூக்கில் நீர் வழிய
"கேன்" என்றேன்.

அறிக்கையில் எழுதினேன்:
கருவி இயங்குகிறது. சூடு இருபத்தொன்பது.
பணியாளர் இறங்கிய ஆழம்: பூஜ்ஜியம்.
நீட்டும்போது என் தலையிலிருந்து ஒரு சொட்டு
பூஜ்ஜியத்தின் மேல் விழுந்து பரவியது.
அவர் கட்டைவிரலால் துடைத்தார்,
விரலில் ஒட்டிய பச்சையைப் பார்த்தார்,
பேனா கேட்டார்.